பழைய சைக்கிளும் கணக்கு வழக்கும்

உத்திரமேரூர் என்ற பெயரைக் கேட்டதும் படித்த தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது, அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கும் சாஸனங்களே. முதற் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-லும் 921-லும், அவ்வூர்ச் சபையார் தங்கள் வாரியங்களுக்கு அங்கத்தினரைக் குடவோலை மூலம் தெரிந்தெடுக்கும் முறையை விதியாக வகுத்துக் கல்லில் பொறித்தனர். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று காரியங்கள் பகிர்ந்து கொடுக்கப்பட்டிருந்தன. இவற்றையெல்லாம் மேடையேறிச் சொல்லிப் பெருமை கொள்ளாத தேசத் தொண்டர் இல்லை. ஆயினும் அவ்விதிகளுள் ஒன்றைப் பலரும் மறந்துவிடுகின்றனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவன் மீண்டும் அப்பொறுப்புக்கு ஆகான். அவனுடைய நெருங்கிய உறவினரும் ஆகார் என்பதே அது. பொதுச் சொத்தில் கை வைத்தவன் கணக்குச் சொல்லியே தீரவேண்டும் என்ற தர்மத்தை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நிலைநாட்டிய ஊர் அது.

இன்று நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயமோ பழைய சைக்கிள். கல்லில் பொறித்த சாஸனத்துக்கும் துருப்பிடித்த துவிசக்கர வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு என்பதே நமது துணிபு.

சில காலமாக நம் நாட்டில் பழைய சைக்கிள்களைத் தேடிச் சேகரிப்பதும், அவற்றைப் பழுது பார்த்துப் பழைய கோலத்துக்குக் கொண்டுவருவதும் ஒரு நல்ல பொழுதுபோக்காகப் பரவி வருகிறது. உத்தியோகஸ்தரும் வியாபாரிகளும் இளைஞரும் இதில் ஈடுபட்டிருக்கின்றனர். கிராமத்து மாட்டுத் தொழுவத்தின் மூலையிலும், காயலான் கடையின் இரும்புக் குவியலிலும் கிடக்கும் வண்டியைக் கண்டுபிடித்து, அதன் கம்பெனியையும் காலத்தையும் ஆராய்ந்து, இல்லாத பாகத்தை ஊர் ஊராகத் தேடிப் பொருத்தி, மறுபடி சாலையில் ஓடச் செய்கின்றனர். ஒருவரிடம் உபரியாக உள்ள விளக்கை மற்றொருவரின் மணிக்கு மாற்றிக்கொள்கின்றனர். விடுமுறை நாட்களில் ஒன்றுகூடி வண்டிகளை அணிவகுத்து ஓட்டுகின்றனர். குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மாறாது என்பதை மெய்ப்பிக்கும் இவர்களை நாம் பாராட்டுகிறோம். பாராட்டோடு நில்லாமல், இவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு கடமையையும் எடுத்துக் கூற விரும்புகிறோம்.

புனா நகரில், கார்வே நகர்ப் பகுதியில், விக்ரம் பெண்ட்ஸே என்பவர் தாம் பல ஆண்டுகளாகச் சேர்த்த சைக்கிள்களையும் விளக்குகளையும் காற்றடிக்கும் பம்புகளையும் கருவிகளையும் மூன்று அடுக்குக் கட்டடமொன்றில் காட்சிச்சாலையாகவே வைத்திருக்கிறார். நம் மாகாணத்துக் கோயமுத்தூரிலும் அதே மனப்பான்மைக்கு ஒரு பழைய சான்று உண்டு. ஜி. டி. நாயுடு இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, பின்னர் அதையே விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றித் திரும்பப் பூட்டி, யந்திர சாஸ்திரம் கற்றார். கல்லூரி வாசலை மிதியாத ஒரு கிராமத்து இளைஞருக்கு யந்திரமே ஆசிரியராக அமைந்தது. பழைய வண்டியைக் கழற்றிப் பூட்டுவது வெறும் விளையாட்டு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

உத்திரமேரூர் வட்டாரத்தில் சைக்கிளின் பெருமையைத் தனியே விளக்க வேண்டுவதில்லை. அவ்வூருக்கு ரயில் இல்லை. காஞ்சிபுரம் சுமார் 30 கிலோமீட்டர் தூரம். செங்கற்பட்டும் மதுராந்தகமும் ரயில் நிலையங்கள் உள்ள ஊர்களே ஆயினும் நடந்து போய் மீளும் தூரத்தில் இல்லை. அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவின் ஏரிக்கரைப் பாதைகளிலும் வரப்பை ஒட்டிய வண்டித் தடங்களிலும் பஸ் வருவதற்கு வெகு காலம் முன்பே சைக்கிள் வந்துவிட்டது. தபால்காரரும் பால்காரரும் அதில் சென்றனர். கிராமத்து உபாத்தியாயர் அதில் ஏறிப் பள்ளிக்கூடம் சென்றார். தறியிலிருந்து இறக்கிய சேலையை நெசவாளர் அதில் வைத்துப் பட்டணம் கொண்டுபோனார். சொந்த வண்டி இல்லாதவனுக்கு மணிக் கணக்கில் வாடகைக்குக் கொடுக்கும் சைக்கிள் கடை இருந்தது. பஞ்சாயத்துக்கும் நகரசபைக்கும் சைக்கிள் வரி செலுத்தி, அதற்கு அடையாளமான வில்லையை வண்டியில் மாட்டிய காலம் ஒன்று இருந்தது. இரவில் விளக்கில்லாமல் போனாலும், பின்னால் ஓர் ஆளை ஏற்றிச் சென்றாலும், போலீஸ்காரருக்கு அஞ்சவேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் அறிந்த பெரியவர்கள் இன்றும் கிராமங்களில் இருக்கின்றனர்.

இந்த யந்திரம் பிறந்த வரலாற்றையும் சுருங்கச் சொல்வோம். 1817-இல் ஜெர்மானியரான கார்ல் டிரைஸ் காலால் தரையை உதைத்து ஓட்டும் இருசக்கர வண்டியைச் செய்தார். 1860-களில் பாரிஸில் பெடல் பூட்டிய வண்டி பிறந்தது. அதன் குலுக்கலைத் தாங்கமாட்டாமல் ஆங்கிலேயர் அதற்கு ‘எலும்பு குலுக்கி’ என்று பெயரிட்டனர். 1885-இல் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ‘ரோவர்’ வண்டியே, சம அளவான இரு சக்கரமும் பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்டு, இன்றைய சைக்கிளுக்கு வழி காட்டியது. 1888-இல் பெல்பாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். அதன் பின்னர் நாட்டிங்ஹாம் நகரத்து ராலேயும், பர்மிங்ஹாம் நகரத்து பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் முதலிய வண்டிகளும் கப்பலேறி நம் துறைமுகங்களில் வந்து இறங்கின. பி.எஸ்.ஏ. என்பது 1861-இல் துப்பாக்கி செய்வோர் கூடி அமைத்த கம்பெனி. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய உருவமே அதன் முத்திரை. ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கி முத்திரையைத் தாங்கிய வண்டியில் ஏறிக் காங்கிரஸ் தொண்டர்கள் கிராமம் கிராமமாகச் சென்றது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

இங்கே ஒரு கேள்வி எழும். அந்நியன் செய்து விற்ற வண்டியை இன்று தேடியெடுத்துப் போற்றுவது சுதேசியத்துக்குப் பொருந்துமா? பொருந்தும். ஏனெனில், செய்தவன் அந்நியனாயினும், அதை ஐம்பது அறுபது ஆண்டுகள் ஓடச் செய்தவன் நம்மவன். 1923-இல் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்ஸி இளைஞர்களுள் அடி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்கரா என்ற மூவர் சைக்கிளிலேயே உலகைச் சுற்றி 1928-இல் ஊர் திரும்பினர். அவர்களைப் பாலைவனங்களைக் கடக்கச் செய்தது இங்கிலாந்தின் எஃகா, இந்திய இளைஞரின் உறுதியா? வண்டி யார் பேரில் இருப்பினும், அது செய்த காரியம் நம்முடையது.

மேலும், அந்நிய வண்டியைப் பழுது பார்த்த கைகளே பின்னர் சுதேசித் தொழிலுக்கு அஸ்திவாரமாயின. யுத்தத்தையொட்டிய ஆண்டுகளில் பம்பாயில் ஹிந்த் சைக்கிள் தோன்றியது. 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஸ்தாபனம் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து அமைத்ததாய்ப் பிறந்தது. 1951 முதல் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகள் தயாராயின. அதே ஆண்டில் சோனேபட்டில் அட்லஸும், 1952-இல் ஆசன்சாலில் சென்-ராலேயும், 1956-இல் லூதியானாவில் ஹீரோவும் எழுந்தன. 1986-இல் உலகிலேயே அதிகமாகச் சைக்கிள் செய்யும் ஸ்தாபனம் என்று ஹீரோ பெயர் பெற்றது. காலத்தின் கோலத்தைப் பாருங்கள்: பி.எஸ்.ஏ. தன் சைக்கிள் தொழிலை 1957-இல் ராலேயிடம் விற்றுவிட்டது. ராலேயின் நாட்டிங்ஹாம் தொழிற்சாலையும் 2002-இல் மூடப்பட்டது. ஆனால் பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் என்ற பெயர்கள் நம் சென்னை ஸ்தாபனத்தின் வண்டிகளில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பெற்ற தாய் மறந்த குழந்தையை வளர்த்த தாய் காப்பாற்றியது போன்றது இது.

நிற்க. நமது கவலைக்குக் காரணமான விஷயத்துக்கு வருவோம். பழைய வண்டியைப் புதுப்பிப்போருள் ஒரு சாரார் செய்யும் காரியம் ஜீர்ணோத்தாரணமா, அன்றி அழிவா என்ற ஐயம் நமக்கு உண்டாகிறது. வண்டி கைக்கு வந்ததும் அதன் பழைய வர்ணம் முழுவதையும் சுரண்டி எடுத்துவிடுகின்றனர். கண்ணைப் பறிக்கும் புது வர்ணத்தைப் பூசுகின்றனர். புதிதாக அச்சிட்ட கம்பெனி முத்திரையை ஒட்டுகின்றனர். கைப்பிடி, மணி, மிதிகட்டை எல்லாவற்றுக்கும் பளபளவென்று குரோமிய முலாம் ஏற்றுகின்றனர். 1930-க்கு முற்பட்ட வண்டிகளுக்குப் பெரும்பாலும் நிக்கல் முலாமே உண்டு. அதன் ஒளி சற்று மஞ்சள் கலந்து சாந்தமாய் இருக்கும். யுத்த காலத்து வண்டிகளிலோ முலாமுக்குரிய உலோகம் கிடைக்காமையால் பல பாகங்கள் கறுப்பாகவே விடப்பட்டன. அந்தக் கறுப்பே அந்த வண்டியின் ஜாதகம். அதன்மேல் குரோமியம் பூசுவது கிழவனுக்கு மீசை கறுப்பாக்கி வயதை மறைப்பதற்கு ஒப்பாகும்.

இதிலும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. ‘இங்கிலாந்தில் செய்தது’ என்ற வாசகத்தின்மேல் உள்ள மோகத்தால், நம் நாட்டுப் பாகம் எது தென்படினும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்நியப் பாகத்தை அதிக விலை கொடுத்து வாங்கிப் பூட்டுகின்றனர். ஒரு ராலே வண்டியில் ஆசன்சால் கிராங்க் இருக்கிறது. லூதியானா பெடல் இருக்கிறது. உள்ளூர்க் கொல்லர் இரும்புப் பட்டையை வளைத்துச் செய்த காரியர் இருக்கிறது. ஒடிந்த போர்க்கில் பட்டறைக்காரர் பற்றவைத்த தழும்பு இருக்கிறது. இவை குறைகளா? அந்த வண்டி இந்நாட்டில் எத்தனை கைகளில் உழைத்தது, எந்தப் பஞ்சத்தில் எந்தப் பாகம் கிடைக்காமல் எவர் சமாளித்தார் என்பதைச் சொல்லும் சாஸனங்கள் அல்லவா? இவற்றைக் களைந்துவிட்டால் மிஞ்சுவது 1930-இல் நாட்டிங்ஹாமிலிருந்து கப்பலேறிய சரக்கு மட்டுமே. அதற்குப் பிறகு அது நம்மோடு வாழ்ந்த வாழ்வு முழுதும் அழிந்துபோகும். திருப்பணி என்ற பெயரால் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசியும், மணல் வீசிச் சிற்பத்தின் முகத்தைத் தேய்த்தும் செய்த கொடுமைகளைக் கண்டித்த தமிழர், இரும்பின் விஷயத்தில் அதே பிழையை அனுமதிக்கலாமா?

வண்டியின் உண்மையான வயதைக் காண வழிகள் இல்லாமல் இல்லை. ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று வேக ஹப்பு பூட்டிய வண்டிகளில், அந்த ஹப்பு செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும் எண் பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பிரேமில் வெட்டிய எண்ணும், முலாமின் வகையும், பிரேக்கின் அமைப்பும் துணைச் சான்றுகள். ஆங்கிலேயர் 1955-லேயே பழஞ் சைக்கிள் சங்கம் ஒன்று அமைத்து, ‘எலும்பு குலுக்கி’ என்ற பெயராலேயே ஒரு பத்திரிகையும் தொடங்கி, இவ்வித ஆராய்ச்சியை ஒழுங்குபட நடத்தி வந்திருக்கின்றனர். அவர்கள் தங்கள் கம்பெனிகளின் வரலாற்றை எழுதிவிடுவார்கள். ஆனால் உத்திரமேரூர்ச் சாலையில் அந்த வண்டி என்ன ஆயிற்று என்பதை அவர்கள் எழுத முடியுமா? அதை நாமல்லவோ எழுதவேண்டும்?

அதை அறிந்தவர் யார்? கடைத்தெருவின் ஓரத்தில், வேப்ப மரத்தடியில், தண்ணீர்த் தொட்டியும் பம்பும் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் சைக்கிள் கடைக்காரரே. இரும்பு பிடித்தவன் கை சும்மா இராது என்பது பழமொழி. அவருடைய கைக்குத் தெரிந்த வித்தை எந்தப் பாடப் புஸ்தகத்திலும் இல்லை. பழைய இங்கிலீஷ் வண்டியின் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்துக்கு 40 கம்பிகளும் என்பதைச் சேகரிப்பவர் படித்து அறியலாம். ஆனால் சக்கரத்தைச் சுழலவிட்டுக் காதால் கேட்டும் விரலால் தடவியும் கோட்டம் எடுப்பதைக் கடைக்காரரிடம்தான் கற்கவேண்டும். இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் ஓடும். வலப்பக்கத்து அடிக் கிண்ணத்துக்கும் அவ்வாறே. இது தெரியாமல் பலங்கொண்ட மட்டும் ஸ்பானரைத் திருகி மரையைக் கெடுத்த புது அபிமானிகள் பலர். ராலே வண்டியின் அடிக் கிண்ண மரை அதற்கே உரிய அளவு. மற்றக் கம்பெனியின் கிண்ணம் அதில் பொருந்தாது. இறுகிப்போன காட்டர் பின்னைக் கிராங்க் வளையாமல் தட்டியெடுப்பதும், மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவைத் தளர்த்துவதும், தேய்ந்த குண்டுகளை மாற்றிப் புதுக் கொழுப்பு அடைப்பதும், கம்பிப் பிரேக்கின் கட்டை ரிம்மின் உட்புறத்தைச் சமமாகப் பற்றும்படி செய்வதும் ஒவ்வொன்றும் ஒரு சாஸ்திரம். அவர்கள் வாயில் ‘ஓவராயில்’ என்று வழங்கும் ஒரு சொல்லில் இத்தனை வித்தையும் அடங்கியிருக்கிறது.

மோட்டார் சைக்கிள் பெருகியதனால் இக்கடைகள் ஒவ்வொன்றாய் மூடப்படுகின்றன. கடைக்காரரின் மகன் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறான். இத்தொழிலில் பெரிய ஆலைகளும் தப்பவில்லை. ஆசன்சால் ஆலை நலிந்து மறைந்தது. அட்லஸ் கம்பெனியின் சாஹிபாபாத் ஆலையில் 2020-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. இதற்கிடையே நகரத்து வியாபாரி கிராமத்துக்கு வந்து, பழைய இரும்பு விலைக்கு வண்டியை வாங்கி, வர்ணம் தீட்டிப் பன்மடங்கு விலைக்கு விற்கிறான். விற்ற கிராமத்தானுக்கு அதன் மதிப்புத் தெரியாது. வாங்கிய செல்வனுக்கு அதன் வரலாறு தெரியாது. பொருள் கைமாறுகிறது, அறிவு அழிகிறது. இதுவா ரஸனை?

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். அபூர்வமான வண்டிக்கே மதிப்பு, சாதாரண வண்டிக்கு மதிப்பில்லை என்ற எண்ணம் தவறு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில், அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றனர். பெண்களுக்குரிய வண்டி போதாமையால் ஆண்கள் வண்டியிலேயே ஏறினர்; குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ள வசதி என்று அதையே விரும்பியோரும் உண்டு. கூலி வேலைக்கும் தண்ணீருக்கும் பிறர் தயவின்றித் தாமே சென்று வந்த அப்பெண்களின் வண்டிகள் அபூர்வ வண்டிகள் அல்ல. ஆயினும் சுதந்திரத்தின் சரித்திரத்தில் அவற்றுக்கு இடம் உண்டு. அவற்றுள் ஒன்றையேனும் வந்தபடியே, கீறலோடும் துருவோடும், காத்து வைக்கும் சேகரம் எங்கே இருக்கிறது?

ஆகவே அபிமானிகளுக்கு நாம் கூறும் யோசனை இது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறிப்புப் புஸ்தகம் இருக்கட்டும். எந்தக் கிராமத்தில், எவ்வகைக் குடும்பத்தில், என்ன வேலைக்குப் பயன்பட்டது என்பதை விற்பவரிடமே கேட்டு எழுதுக. கழற்றுமுன் படம் எடுத்து வைக்க. எந்தப் பாகம் வந்தபடி இருக்கிறது, எது நம்மால் மாற்றப்பட்டது, எது புதிதாகச் செய்தது என்று வரிசையாய்க் குறிக்க. கழற்றிய பாகத்தை எறியாமல் சீட்டுக் கட்டி வைக்க. கெடாத வர்ணத்தின்மேல் கை வைக்காதிருக்க. விலை பேசும்போது கிராமத்தானிடம் உண்மையைச் சொல்க. வித்தை சொல்லிக்கொடுத்த கடைக்காரரின் பெயரையும் அப்புஸ்தகத்தில், அவர் சம்மதத்தோடு, முதல் ஏட்டிலேயே எழுதுக. இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. சிரத்தை ஒன்றே வேண்டும்.

தொண்டர்களுக்கும் இதில் வேலை உண்டு. பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்குச் சர்க்கார் விலையில்லாச் சைக்கிள் வழங்கி வருகிறது. அதன் டயரில் காற்றுப் போனாலும் செயின் கழன்றாலும் பழுது பார்க்கத் தெரியாமல் வண்டியைச் சுவரில் சாத்திவிடும் பிள்ளைகள் பலர். பழைய வண்டியில் சிரத்தையுள்ள அபிமானியும், வித்தையறிந்த கடைக்காரரும், புது வண்டி பெற்ற மாணவனும் மாதம் ஒரு நாள் ஊர்ப் பொதுவிடத்தில் கூடினால் என்ன? கடைக்காரருக்கு மரியாதையும் கூலியும் கிடைக்கும். மாணவனுக்குக் கைத்தொழில் கிடைக்கும். அபிமானிக்கு எந்தக் கம்பெனி விளம்பரத்திலும் காணாத வரலாறு கிடைக்கும். தன் வண்டியைத் தானே பழுது பார்க்கத் தெரிந்த கிராமம் பாதிச் சுயராஜ்யம் பெற்ற கிராமம் என்பதில் ஐயமில்லை.

உத்திரமேரூர்ச் சபையார் தங்கள் ஏரியையும் பொன்னையும் காத்தவர்களிடம் கணக்குக் கேட்டனர். பழைய சைக்கிள் ஒருவரின் சொந்தச் சொத்தாக இருக்கலாம். ஆனால் அதில் பொதிந்துள்ள உழைப்பின் வரலாறு பொதுச் சொத்து. அதைக் கையிலெடுத்தவர் எதைக் கண்டார், எதை மாற்றினார், எதைக் காத்தார் என்று பின்வரும் தலைமுறைக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். காட்டுவாராயின் அவர் சேகரிப்பவர் மட்டும் அல்லர். நாட்டின் சரித்திரத்துக்கு ஒரு காவலர்.